மறைத்த கையும் பகிர்ந்த கையும்: நுண்ணோக்கி செய்தோர் வரலாறு

கண்டவர் பெயரை உலகம் நினைவில் கொள்கிறது. காண்பதற்குரிய கருவியைச் செய்து கொடுத்தவர் பெயரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. யாழ் இசைத்த பாணரைப் பாடிய புலவர் பலர். அந்த யாழைச் செதுக்கிய தச்சரைப் பெயர் சுட்டிப் பாடியவர் அரியர். நுண்ணோக்கியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. நோய்க்கிருமிகளைக் கண்டறிந்தவர், உயிரணுவுக்குப் பெயரிட்டவர் ஆகியோரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர்தம் கண்முன் வில்லையைப் பொருத்திக் கொடுத்த கைகளைப் பற்றிய செய்திகளோ அருங்காட்சியகப் பேழைகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

அக்கைகளின் வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுகிறது. தான் அரிதின் முயன்று கற்ற நுட்பத்தை ஒரு கைவினைஞன் தன்னிடமே வைத்துக்கொள்வதா, பிறர்க்கு வழங்குவதா? வழங்கினால் அவன் வாழ்வது எங்ஙனம்? வழங்காவிடின் அக்கலை வாழ்வது எங்ஙனம்? பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நுண்ணோக்கி செய்தோர் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தம் வாழ்வாலேயே எழுதிச் சென்றுள்ளனர்.

பெயர் பிறந்த அவை

நுண்ணோக்கியை முதன்முதலில் செய்தவர் இன்னார் என்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்துவந்தோரிடையே இப்பெருமைக்குப் போட்டி இருந்தது. ஆனால் அதற்குப் பெயரிட்டவர் யார் என்பது தெளிவாக அறியப்படுகிறது.

உரோம் நகரில் ஃபெடரிகோ செசி என்னும் இளைஞர் 1603ஆம் ஆண்டில் நண்பர் மூவரோடு ஓர் அறிவு அவையைத் தொடங்கினார். கூரிய பார்வைக்குப் பெயர்பெற்ற காட்டுப்பூனை வகையாகிய 'லிங்ஸ்' என்னும் விலங்கைத் தம் சின்னமாகக் கொண்டமையால், அவ்வவை 'லிஞ்சை' என வழங்கப்பட்டது. கலீலியோ 1611இல் அதன் உறுப்பினரானார். தாம் செய்த சிறு கருவி ஒன்றை அவர் 1624இல் செசிக்கு அனுப்பினார். கலீலியோ அதனைச் 'சிறு கண்ணாடி' என்ற பொருளிலேயே குறித்தார். அடுத்த ஆண்டில் அவ்வவையின் உறுப்பினராகிய ஜொவான்னி ஃபேபர் என்னும் மருத்துவரே 'மைக்ராஸ்கோப்' என்ற பெயரை அதற்கு இட்டார். அதே 1625இல், அவையைச் சார்ந்த பிரான்செஸ்கோ ஸ்டெலூட்டி தேனீயின் உறுப்புகளை அக்கருவியின் வழி நோக்கி வரைந்த படம் அச்சேறியது.

கருவி ஒருவருடையது, அதன் பெயர் மற்றொருவருடையது, அதன்வழிப் பெற்ற காட்சி வேறொருவருடையது. மூவரையும் இணைத்தது ஓர் அவை. நுண்ணோக்கி பிறந்த நாளிலேயே ஒரு கூட்டத்தின் சொத்தாகப் பிறந்தது என்று கூறலாம். ஆயினும் 1630இல் செசி இறந்ததும் புரவலரை இழந்த அவ்வவை விரைவில் கலைந்தது. ஒருவரின் ஆதரவை மட்டும் நம்பி நிற்கும் அவைக்கு நேரும் முடிவு அதற்கும் நேர்ந்தது.

செய்முறையை அச்சிட்ட நூல்

இலண்டனில் 1665ஆம் ஆண்டு வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலால் நுண்ணோக்கி மக்கள் மனத்தில் இடம்பெற்றது. அதன் ஆசிரியர் இராபர்ட் ஹூக். மடித்து வைத்துப் பின் விரிக்கத்தக்க பெரிய தாளில் அவர் தந்த தெள்ளுப்பூச்சியின் படமும், தக்கையின் மெல்லிய சீவலில் கண்ட அறைகளுக்கு அவர் இட்ட பெயரும் புகழ்பெற்றவை. நாட்குறிப்பால் பெயர்பெற்ற சாமுவேல் பெப்பிசு, அந்நூலை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, ரீவ் என்னும் கருவி செய்பவரிடம் 5 பவுன் 10 சில்லிங் கொடுத்து அவர் ஒரு நுண்ணோக்கியை வாங்கியிருந்தார். அது பெருவிலை என்று அவரே குறித்து வைத்துள்ளார்.

அந்நூலின் முன்னுரையில் பலரும் கவனியாது கடக்கும் ஒரு பகுதி உண்டு. ஒற்றை வில்லை கொண்ட எளிய நுண்ணோக்கியை எவ்வாறு செய்வது என்பதை ஹூக் அங்கே விளக்குகிறார். தெளிந்த வெனிஸ் கண்ணாடித் துண்டு ஒன்றை விளக்குச் சுடரில் காட்டி மெல்லிய இழையாக இழுக்க வேண்டும். அவ்விழையின் நுனியை மீண்டும் சுடரில் பிடித்தால், கண்ணாடி உருகித் தானே உருண்டு சிறு மணியாகத் திரளும். இழை ஒட்டிய பக்கத்தைத் தேய்த்து மெருகிட்டு, மெல்லிய உலோகத் தகட்டின் துளையில் அம்மணியைப் பதித்தால் நுண்ணோக்கி ஆயத்தம். இத்தகைய மணி, பல வில்லைகள் கொண்ட பெரிய கருவியைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் என்றும், கண்ணுக்கு மிக நெருக்கமாகப் பிடிக்க வேண்டியிருத்தலால் பயன்படுத்துவது கடினம் என்றும் ஹூக் எழுதினார். தம் கண்கள் சோர்ந்தமையால் பெரிய கருவியையே அவர் மிகுதியும் கையாண்டார். எனினும் செய்முறையை மறைக்கவில்லை. நூலை வாங்கியவர் எவரும் அதனை அறியலாம்.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர்

அம்மணியின் முழு ஆற்றலை உலகுக்குக் காட்டியவர், கல்லூரி வாயிலை மிதித்தறியாத ஒருவர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் துணி வணிகர். பின்னர் நகர மன்றத்தில் சிறு அலுவலும் பார்த்தவர். இலத்தீன் அறியாதவர். தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே எழுதினார். 1673இல் ரெக்னியர் டி கிராஃப் என்னும் மருத்துவர் அவரை இலண்டன் அரச கழகத்துக்கு அறிமுகம் செய்தார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், ஏறத்தாழ இருநூறு மடல்கள் அவரிடமிருந்து அக்கழகத்துக்குச் சென்றன.

அவர் செய்த கருவி உள்ளங்கையில் அடங்கும். இரு சிறு உலோகத் தகடுகள். அவற்றிடையே பதித்த ஒரே ஒரு சிறு வில்லை. பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி. அதனை மேலும் கீழும் நகர்த்தத் திருகுகள். இவ்வளவே. தகடுகள் பித்தளையாலும் வெள்ளியாலும் ஆனவை; சில பொன்னாலும் ஆனவை. கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்க வேண்டும். எஞ்சியுள்ளவற்றுள் மிகுந்த ஆற்றல் உடையது உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. அது பொருளை ஏறத்தாழ 266 மடங்கு பெருக்கிக் காட்டும்.

இச்சிறு தகடுகளின் வழியே அவர் கண்டவை பல. ஏரி நீரில் நீந்திய நுண்ணுயிர்களை 1674இல் கண்டார். மிளகு ஊறிய நீரில் அவற்றினும் சிறிய உயிர்களைக் கண்டு 1676இல் எழுதினார். பல்லிடுக்கில் படிந்த அழுக்கில் உலவிய உயிர்களைப் பற்றி 1683இல் எழுதினார். இலண்டன் அறிஞர்கள் முதலில் ஐயுற்றனர். ஹூக் தம் கண்ணாடி மணிகளை மீண்டும் எடுத்து முயன்று, 1677 நவம்பரில் அரச கழகத்தார் முன்னிலையில் அவ்வுயிர்களைக் காட்டினார். மறுத்தற்கு இடமிருந்தும் மறுக்காமல், டெல்ஃப்ட் வணிகரின் சொல்லை மெய்ப்பித்த அப்பெருந்தகைமை போற்றத்தக்கது. 1680இல் கழகம் லீவன்ஹூக்கை உறுப்பினராக ஏற்றது.

கண்டதையெல்லாம் மறைக்காமல் எழுதிய லீவன்ஹூக், கண்ட முறையை மட்டும் எவருக்கும் சொல்லவில்லை. இரசியப் பேரரசர் பீட்டர் 1698இல் வந்தபோது விலாங்கு மீனின் உடலில் குருதி ஓடும் காட்சியைக் காட்டினார். வந்தவர் பலருக்கும் பலவற்றைக் காட்டினார். ஆயினும் தம் சிறந்த கருவிகளைத் தமக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டார். செருமானிய மெய்யியலறிஞர் லைப்னிட்சு, இளைஞர் சிலருக்கு இக்கலையைப் பயிற்றுவித்தல் நன்று என்று அவருக்கு எழுதினார். லீவன்ஹூக் 1715இல் அதற்கு விடை எழுதினார். லைடன் நகர மாணவர் பலர் வில்லை தேய்க்கக் கற்க முயன்றனர். பணமும் புகழும் நாடியே அவர்கள் வந்தமையால் ஒன்றும் விளையவில்லை என்பது அவ்விடையின் கருத்து. தகுதியுடைய மாணவன் வாரான் என்ற அவநம்பிக்கையே அவரது கதவை அடைத்தது எனலாம்.

அவர் 1723ஆம் ஆண்டு தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். அரச கழகத்துக்கென்று அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகளை மகள் மரியா ஒரு பேழையில் வைத்து அனுப்பினார். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமற் போயின. மரியா 1745இல் மறைந்தபின், வீட்டில் எஞ்சியிருந்தவை 1747 மே மாதத்தில் டெல்ஃப்டிலேயே ஏலம் விடப்பட்டன. நானூறுக்கு மேற்பட்ட வில்லைகள் அன்று விலைபோயின. வெள்ளியாலும் பொன்னாலும் ஆன சிலவற்றின் மதிப்பு, அவ்வுலோகத்தின் எடையை ஒட்டியே அமைந்தது. வாழ்நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வில்லைகளைச் செய்தவருடைய கருவிகளுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழப் பத்தே.

அவர் கண்ட மிகச் சிறிய உயிர்களைப் பற்றிய ஆய்வு அவருக்குப்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் தேங்கி நின்றது. அதற்குக் காரணங்கள் பல. அவர் கைத்திறன் அவரோடு மறைந்தது அவற்றுள் ஒன்று.

வழங்கிக் கெட்டவர்

மறைத்தல் கலைக்குக் கேடு என்றால், வழங்குதல் கலைஞனுக்கு நலம் என்று முடிவு கட்டிவிடலாமா? பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் அவ்வாறு சொல்லவில்லை.

அந்நூற்றாண்டின் முற்பகுதி நுண்ணோக்கிகள் பார்வைக்கு இனியவை. அட்டையால் சுருட்டிய குழல், அதன்மீது தோல், தோலின்மீது பொன்னிறப் பூவேலை, வன்மரத்தைக் கடைந்த வளையங்கள். தச்சர், நூல் கட்டுநர், கண்ணாடி தேய்ப்போர் ஆகிய பலரின் தொழிலும் ஒரே கருவியில் கூடியிருக்கும். பெயர் பொறிக்காத கருவி ஒன்றை இன்னார் பட்டறையில் பிறந்தது என்று துணிவதற்குத் தோலின்மீது பதித்த முத்திரைகளையே இன்றைய ஆய்வாளர் ஒப்பிட்டு நோக்குகின்றனர். ஆசிரியர் பெயர் அறியாத செய்யுளை நடை கொண்டு காலம் கணிப்பது போன்ற முயற்சி அது.

எட்மண்ட் கல்பெப்பர் பெயரால் வழங்கும் முக்காலி நுண்ணோக்கி அக்காலத்தில் மிகுதியும் விற்றது. ஆயினும் அதன் மூன்று கால்களும் பொருள் வைக்கும் மேடையைச் சூழ்ந்து நின்றமையால், கை நுழைத்துப் பொருளை நகர்த்துதல் அரிதாக இருந்தது. இக்குறையை ஃபிளீட் தெருவில் கடை வைத்திருந்த ஜான் கஃப் என்பவரிடம் எடுத்துரைத்தவர் ஹென்றி பேக்கர். இலக்கிய அன்பர்க்கு இப்பேக்கர் சிறப்பாக அறியத்தக்கவர். அவர் கவிஞர், 1725இல் தம் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டவர், 'இராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோவின் மருமகன். எளிய நடையில் அவர் எழுதி 1742இல் வெளிவந்த நுண்ணோக்கிக் கையேடு பலமுறை அச்சேறியது. படிப்பாளி அல்லாதவரும் நுண்ணோக்கியைக் கையிலெடுக்க அந்நூல் வழிசெய்தது.

பேக்கரின் சொற்களைக் கேட்டுக் கஃப் 1744ஆம் ஆண்டளவில் முற்றிலும் பித்தளையால் ஆன புதிய கருவியை அமைத்தார். ஒரே ஒரு பக்கத்தூண். மேடையைச் சுற்றி எப்பக்கமும் திறந்த வெளி. பார்வையை நுட்பமாகச் சீர்செய்ய ஒரு திருகு. பயன்படுத்துவோர் சொல் கேட்டுச் செய்யப்பட்ட கருவியாதலின் அது உடனே வரவேற்கப்பட்டது. இலண்டனிலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் இருந்த பட்டறைகள் அவ்வமைப்பை அப்படியே பின்பற்றின. எவரும் கஃபுக்கு ஒரு காசும் தர வேண்டியிருக்கவில்லை. 1750இல் கஃப் நொடித்துப் போனார். பின்னர் அவர் கடைக்குப் பக்கத்திலேயே பெஞ்சமின் மார்ட்டின் என்பார் போட்டிக் கடை திறந்தார். நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் வாடிக்கையாளரை ஈர்ப்பதில் மார்ட்டின் வல்லவர். ஆயினும் காலம் அவரையும் விடவில்லை. 1782இல் அவரும் கடனில் வீழ்ந்து, தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, சில நாட்களில் மறைந்தார்.

நுண்ணோக்கியை அனைவர்க்கும் எளிதாக்கிய பேக்கருக்கு மற்றொரு தொழிலும் இருந்தது. செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்குப் பேசக் கற்பிப்பதில் அவர் தேர்ந்தவர். அவருக்கு வருவாய் தந்ததும் அத்தொழிலே. அந்தக் கற்பிக்கும் முறையை அவர் எவருக்கும் வெளியிடவில்லை. மாணவர் அதனை வெளியிடலாகாது என்று நூறு பவுனுக்கு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார். பிறர் தொழிலின் நுட்பத்தை நூலாக்கி வழங்கிய அதே கை, தன் தொழிலின் நுட்பத்தை இறுக மூடிக்கொண்டது. இதனை இரண்டகம் என்று இகழ்வது எளிது. கஃபின் கதையை அருகிருந்து கண்டவர் அவர் என்பதையும் மறத்தலாகாது.

மது வணிகரின் மாலைப்பொழுதுகள்

பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவிகள் எவ்வளவு அழகாயினும் அவற்றின் காட்சியில் ஒரு குறை இருந்தது. வில்லை ஒளியைப் பிரித்து, பொருளின் விளிம்பில் வானவில் நிறங்களைப் படரவிட்டது. மேலும் காட்சி மங்கியது. இல்லாத வடிவங்களை இருப்பனவாகக் கண்டு ஏமாந்தோர் பலர். பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் பிஷா, நுண்ணோக்கியை நம்பாமலேயே தம் ஆய்வுகளைச் செய்தார். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப்பிறழ்ச்சியை நீக்கும் வழி தொலைநோக்கிக்கு 1758 முதல் டாலண்டு வாயிலாகப் பரவியிருந்தது. ஆனால் நுண்ணோக்கியின் மிகச் சிறிய வில்லைகளுக்கு அதனைப் பொருத்துதல் அரிதாயிருந்தது. பாரிசில் ஷெவாலியே குடும்பத்தார் 1824 முதல் இத்தகைய இணை வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தனர். நிறம் குறைந்தது; ஆனால் கோள வடிவத்தால் வரும் மங்கல் கூடியது.

இம்முடிச்சை அவிழ்த்தவர் இலண்டனில் மது வணிகம் செய்துவந்த ஜோசப் ஜாக்சன் லிஸ்டர். பதினான்காம் அகவையில் பள்ளியை விட்டவர். குவேக்கர் சமயப் பிரிவினர். பகலெல்லாம் வணிகம், ஓய்வுப்பொழுதெல்லாம் வில்லை. 1826இல் தம் கருத்துப்படி ஒரு நுண்ணோக்கியை வில்லியம் டல்லி பட்டறையில் ஜேம்ஸ் ஸ்மித் கையால் செய்வித்தார். அடுத்த ஆண்டு மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கினோடு சேர்ந்து அதன்வழிக் குருதியின் செவ்வணுக்களை நோக்கி அளந்து வெளியிட்டார். பின்னர் தாமே வில்லை தேய்க்கவும் கற்றார். இணை வில்லை ஒவ்வொன்றுக்கும் மங்கல் நீங்கும் இடங்கள் இரண்டு உண்டு. அவ்விடங்கள் பொருந்துமாறு வில்லைகளை இடைவெளியிட்டு அடுக்கினால் ஒன்றன் குறையை மற்றொன்று பெருக்காது என்று அவர் கண்டறிந்தார். 1830இல் அதனை அரச கழக இதழில் வெளியிட்டார்.

கட்டுரையாக வெளியிட்டதோடு அவர் அமையவில்லை. கைத்தொழிலில் ஏட்டறிவு பாதி வழியே செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1837இல் ஆண்ட்ரூ ராஸ் என்னும் கருவி செய்பவருக்கும், பின் ஜேம்ஸ் ஸ்மித்துக்கும் தம் முறையை அருகிருந்து விளக்கினார். இலண்டன் கருவிகள் உலகப் புகழ் பெற்றதற்கு வித்திட்டது இம்மாலைநேரக் கொடையே. அறுவை மருத்துவத்தில் கிருமி நீக்கும் முறையைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர் இவருடைய மகன்.

லிஸ்டரால் இவ்வாறு கொடுக்க முடிந்தது. ஏனெனில் அவருக்குச் சோறிட்டது மதுக்கடை, வில்லையன்று. அதனையே தொழிலாகக் கொண்டோர் கஃபைப் போல் கெடாதிருக்க வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. 1839இல் இலண்டனில் நுண்ணோக்கிக் கழகம் தோன்றியது. அறிஞரும் மருத்துவரும் கருவி செய்வோரும் ஒரே அவையில் அமர்ந்தனர். தொடக்க ஆண்டுகளிலேயே பவல், ராஸ், ஸ்மித் ஆகிய மூவரிடமும் கழகம் ஆளுக்கொரு கருவி செய்யப் பணித்தது. ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தாமல் மூவரையும் வாழவைத்த செயல் அது.

அக்கழகத்தின் அமைதியான சாதனை 1858இல் நிகழ்ந்தது. அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் பொருளருகு வில்லைக்குத் தனக்கென ஒரு திருகு மரையை வெட்டியது. ராஸின் வில்லை பவலின் குழலில் பொருந்தாது. கழகம் அனைவர்க்கும் பொதுவான ஒரே மரை அளவை வகுத்தது. விட்டம் ஓர் அங்குலத்தில் பத்தில் எட்டுப் பங்கு. ஓர் அங்குலத்துக்கு 36 புரி. மெல்ல மெல்ல உலகமே அதனை ஏற்றது. அவ்வளவு இன்றும் பல நுண்ணோக்கிகளில் வழங்கிவருகிறது. வில்லையின் சிறப்பு அவரவர் திறம்; அது பொருந்தும் மரை அனைவர்க்கும் பொது. தனித்தன்மைக்கும் பொதுமைக்கும் இடையே எல்லை வகுத்த சிறந்த தீர்ப்பு அது.

யேனா நகரத்து மூவர்

செருமனியின் யேனா நகரில் 1846ஆம் ஆண்டு கார்ல் சைஸ் சிறு பட்டறை ஒன்றைத் திறந்தார். தாவரவியலறிஞர் ஷ்லைடன் அவருக்கு ஊக்கம் தந்தார். குறையுள்ள கருவி பட்டறையிலிருந்து வெளியேறுதல் கூடாது என்பதில் சைஸ் கடுமை காட்டினார். அத்தகையவற்றைப் பட்டடைக் கல்லில் வைத்துத் தாமே சுத்தியலால் உடைத்தார் என்று கூறுவர். அக்காலத்தில் எல்லாப் பட்டறைகளும் வில்லைகளைச் செய்து பார்த்து, மாற்றிப் பார்த்து, பொருந்தியதைக் கொள்ளும் முறையையே பின்பற்றின. சைஸ் இம்முறையில் நிறைவடையவில்லை. 1866இல் பல்கலைக்கழக இயற்பியலாசிரியர் எர்ன்ஸ்ட் அபேயைத் துணைக்கு அழைத்தார்.

அபே கணக்கிட்டுச் செய்த முதல் வில்லைகள், பழைய முறையில் செய்தவற்றைக் காட்டிலும் மோசமாக இருந்தன. அத்தோல்வியை ஆராய்ந்தபோதுதான் வில்லை ஏற்கும் ஒளிக்கூம்பின் அகலமே நுண்மையைப் புலப்படுத்துகிறது என்ற உண்மை அவருக்கு விளங்கியது. 1873இல் அதனை வெளியிட்டார். ஒளி அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளியை எத்துணை நல்ல வில்லையும் பிரித்துக் காட்டாது என்பது அதன் சாரம். தன் தொழிலின் எல்லையைத் தானே கண்டு ஊரறியச் சொன்ன நேர்மை அது. அவ்வெல்லைக்கான வாய்பாடு யேனாவில் அவருடைய நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

வேண்டிய தன்மையுள்ள கண்ணாடி கிடைக்காதிருந்தது அடுத்த தடை. கண்ணாடி வேதியியலில் வல்ல ஓட்டோ ஷாட் 1882இல் யேனாவில் குடியேறினார். 1884இல் அங்கே கண்ணாடி ஆலை தொடங்கியது. மூவரும் கூடியதன் பயனாக 1886இல் நிறப்பிறழ்ச்சியைப் பெரிதும் நீக்கிய உயர்தர வில்லைகள் வெளிவந்தன. அறிவியல் ஆய்வுக்குரிய கருவி பொதுநலத்துக்குரியது என்று கருதிய அபே, அவற்றுக்குக் காப்புரிமை நாடவில்லை. புளோரைட் என்னும் இயற்கைக் கனிமத்தை வில்லைகளில் பயன்படுத்துவதைப் பற்றியும் 1890இல் கட்டுரை எழுதினார்.

இத்தகைய கொடையாளர் கஃபைப் போல் கெட்டொழியவில்லை. அதற்குக் காரணம் தேட அபேயின் இளமைக்குச் செல்ல வேண்டும். அவருடைய தந்தை ஐசனாக் நகரத்து நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்றபடியே உழைத்தவர். நண்பகலில் சிறுவன் அபே உணவு கொண்டுசெல்வான். தந்தை இயந்திரத்தருகே நின்றபடியே விரைந்து உண்டு, கலத்தைத் திருப்பித் தருவார். அக்காட்சி அபேயின் நெஞ்சை விட்டு அகலவில்லை. சைஸ் 1888இல் மறைந்தபின், 1889இல் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையை அபே நிறுவினார். 1891இல் தொழிலகத்தில் தமக்குரிய பங்குகளை அதற்கே அளித்தார். 1896இல் அவர் வகுத்த விதிகள் தொழிலாளர்க்கு ஓய்வூதியமும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் உறுதி செய்தன. 1900இல் எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. நகர மக்கள் கூடவும் படிக்கவும் 1903இல் மக்கள் மாளிகை திறக்கப்பட்டது. அறிவைத் திறந்து வைத்தவர், அவ்வறிவைக் கையால் வில்லையாக்கியவரின் வாழ்வுக்கும் வேலியிட்டார். கஃபுக்குக் கிடைக்காத வேலி அது.

வெளிப்பட்ட மறை

டெல்ஃப்ட் வணிகரின் மறைபொருள் என்னாயிற்று? உட்ரெக்டில் உள்ள அவருடைய கருவியைப் பிரித்துப் பார்க்க எவரும் துணியவில்லை. தகடுகளை அகற்றினால் பழம்பொருள் சிதையும். ஒளி செல்லும் சிறு துளை வழியே பார்த்து வில்லையின் முழு வடிவை அறிய இயலாது. அவர் வியத்தகு முறையில் தேய்த்தார் என்று சிலரும், ஊதிச் செய்தார் என்று சிலரும் மூன்று நூற்றாண்டுகளாக வாதிட்டுவந்தனர்.

உலோகத்தை ஊடுருவும் நியூட்ரான் கதிர்களால், கருவியைத் தொடாமலே அதன் உள்ளமைப்பைப் படமெடுக்கும் முறை பின்னர் உருவாயிற்று. டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறு எடுத்த படங்களின் முடிவுகள் 2021இல் வெளியாயின. தகடுகளுக்கிடையே இருந்தது தேய்த்த வில்லையன்று. சுடரில் உருக்கித் திரட்டிய சிறு மணி. இழையில் ஒட்டியிருந்த காம்பின் தடமும் அதில் காணப்பட்டது. லீவன்ஹூக் வில்லைகளைத் தேய்த்தும் செய்தவரே. ஆனால் எஞ்சியுள்ளவற்றுள் மிக உயர்ந்த ஆற்றலுடைய அக்கருவிக்கு அவர் கையாண்டது, ஹூக் 1678இல் வெளியிட்ட செய்முறையோடு ஒத்துச் செல்வது. 1665ஆம் ஆண்டு முன்னுரையில் அதன் முதல் வடிவத்தை எவரும் படித்திருக்கலாம். ஹூக் அதனை 1678இல் மீண்டும் விரித்து எழுதியதோ, லீவன்ஹூக் கண்ட உயிர்களைத் தாமும் காண முயன்றதன் பயன்.

ஒருவர் பொதுவில் வைத்ததை மற்றவர் பூட்டி வைத்தார் என்று இதனைக் குறுக்கிச் சொல்வது நீதியாகாது. செய்முறை ஒன்றே ஆயினும், நூற்றுக்கணக்கான மணிகளை உருக்கி, அவற்றுள் குற்றமற்ற ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுமை லீவன்ஹூக்குடையது. ஐம்பது ஆண்டு இடையறாது நோக்கிய கண்ணும் அவருடையதே. அவற்றை எந்நூலும் கற்பித்திராது. ஆயினும் மறைக்கப்பட்ட பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்தது பிறர்க்கென எழுதப்பட்ட ஒரு முறையே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தமக்குமுன் எவரோ மறைக்காமல் வைத்ததன்மீது நின்றே ஒவ்வொரு கைவினைஞரும் தமக்குரிய புதுமையைச் செய்கின்றனர்.

இலண்டன் கழகம் வகுத்த திருகு மரையின் அளவை வகுத்தோர் பெயர்களை இன்று நினைப்பார் சிலரே. எனினும் ஒரு நகரத்துப் பட்டறையில் பிறந்த வில்லை, மற்றொரு நகரத்துக் குழலில் தடையின்றி ஏறிப் பொருந்தும்போதெல்லாம், அவர்கள் கூடி எடுத்த முடிவு மீண்டும் ஒருமுறை நிறைவேறுகிறது.